1234567887654321: ஒரு பெரிய மாலைமாற்று எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்க்கும் வழி

ரோஸ் ஹில்லில் தால் பூரி வாங்கிவிட்டு 200 ரூபாயை நீட்டினேன். மீதியில் வந்த 100 ரூபாய் நோட்டின் வரிசை எண் 123321. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. எங்கள் மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கும். தமிழ் எழுத்து இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். (1998-இல் வந்த நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, அவற்றைத் திரும்பப் பெற்று மறு ஆண்டு வேறு அச்சடித்தார்கள். அந்தக் கதையை எங்கள் தலைமுறை மறக்காது.) இத்தனையோடு ஒரு மாலைமாற்றும் சேர்ந்துகொண்டதால் நோட்டைச் செலவழிக்க மனம் வரவில்லை.

ஆனால் இது பெரிய அதிர்ஷ்டமும் இல்லை. ஆறு இலக்க வரிசை எண்கள் 000000 முதல் 999999 வரை பத்து லட்சம். முதல் மூன்று இலக்கத்தை எழுதிவிட்டால் மாலைமாற்றில் மற்ற மூன்றும் தானாக அமைந்துவிடும். ஆக, பத்து லட்சத்தில் ஆயிரம். ஆயிரம் நோட்டுக்கு ஒன்று கைக்கு வரத்தான் செய்யும்.

சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள், தமிழ் அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு நாள். 'விகடகவி' மாதிரிச் சொற்களைக் காட்டிவிட்டு நோட்டையும் காட்டினேன். ஒரு பெண் எழுந்துபோய் பலகையில் 8 வரை நீட்டி எழுதினாள்: 1234567887654321. "இதுக்கு உள்ள என்ன சார் இருக்கு?" என்றாள். அன்று தமிழ் வகுப்பு அதோடு முடிந்தது. பேனாவும் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: எண்ணைச் சரியாக எழுதிக்கொள்வது

16 இலக்கம். நம் முறையில் 12,34,56,788 கோடியே 76,54,321. மும்மூன்றாகப் பிரித்தால் 1 234 567 887 654 321. இரண்டு முறையிலும் கண்ணாடிப் பிம்பம் உடைந்துபோகிறது, கவனித்தீர்களா? இரண்டிரண்டாக எழுதுங்கள்: 12 34 56 78 | 87 65 43 21. நான்கு நான்காக: 1234 5678 | 8765 4321. இப்போது நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகும் விஷயம்.

மாலைமாற்று என்பது எழுதும் முறையைப் பொறுத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய இடமதிப்பு முறையில் 1221-ஐத் தமிழ் எண்களில் ௧௨௨௧ என்று எழுதலாம், மாலைமாற்றுதான். ஆனால் நம் முன்னோர் முறையில் ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு: ௲௨௱௨௰௧. இதைத் திருப்பினால் அர்த்தமே இல்லை. எண் அதேதான், கண்ணாடி காணாமல் போய்விட்டது.

படி 2: அக்கம் பக்கம் யார்?

16 இலக்க மாலைமாற்று எண்கள் மொத்தம் எத்தனை? முதல் எட்டு இலக்கம் மட்டுமே நம் விருப்பம், அதிலும் முதலாவது பூச்சியமாக இருக்கக் கூடாது. ஆக 9 கோடி. நம்முடையதன் முன்பாதி 12345678. வரிசை 10000000-இல் தொடங்குவதால் இது 23,45,679-ஆவது. அடுத்த மாலைமாற்று வேண்டுமானால் முன்பாதியில் ஒன்றைக் கூட்டித் திருப்பி ஒட்டுங்கள்: 1234567997654321. இடைவெளி சரியாக 11 கோடி. முந்தையது 1234567777654321, அதற்கும் 11 கோடிதான்.

படி 3: 9-ம் 11-ம்

இலக்கங்களைக் கூட்டினால் 1 முதல் 8 வரை 36, இரண்டு தடவை, 72. ஆக 9-ஆல் வகுபடும். 72 என்பதை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

11-க்கு வலப்பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். இங்கே கணக்கே போட வேண்டியதில்லை. மொத்த இலக்கம் இரட்டைப்படை என்றால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் அதன் பிம்பம் எதிர்க்குறி விழும் இடத்தில்தான் நிற்கும். 8-ஐக் கூட்டினால் மற்ற 8-ஐக் கழிப்போம். எல்லாம் அடிபட்டுப் பூச்சியம். எனவே இரட்டைப்படை இலக்கங்கள் கொண்ட எந்த மாலைமாற்று எண்ணும் 11-ஆல் வகுபடும். அந்த வகையில் பகா எண் ஒன்றே ஒன்று உண்டு, அது 11 மட்டும்தான்.

கண்ணாடி நமக்கு இலவசமாகக் கொடுப்பது இந்த ஒரு 11-ஐத்தான். மற்றதெல்லாம் அந்தந்த எண்ணின் சொந்தச் சொத்து, தேடித்தான் எடுக்க வேண்டும்.

படி 4: வெவ்வேறு அகலத்தில் வெட்டிப் பார்ப்பது

11 சோதனை ஏன் வேலை செய்கிறது? 10 என்பது 11-க்கு ஒன்று குறைவு. அதனால் ஒவ்வோர் இடம் தள்ளும்போதும் குறி மாறுகிறது. சரி, 100 என்பது 101-க்கு ஒன்று குறைவு. அப்படியானால் இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டிக் கழித்தால் 101-க்கான சோதனை கிடைக்கும். வலப்பக்கத்திலிருந்து:

21 − 43 + 65 − 87 + 78 − 56 + 34 − 12 = 0

பூச்சியம்! 101-ஆல் வகுபடும். நான்கு நான்காக வெட்டினால் 10001-க்கான சோதனை:

4321 − 8765 + 5678 − 1234 = 0

மறுபடியும் பூச்சியம். 10001 = 73 × 137. இந்த இடத்தில்தான் வகுப்பில் சத்தம் வந்தது. 11, 101, 10001 மூன்றுக்கும் பொதுக் காரணி கிடையாது. எனவே மூன்றின் பெருக்கற்பலனாலும் நம் எண் வகுபட வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 11 × 101 = 1111. அதை 10001-ஆல் பெருக்கினால் 11111111. எட்டு ஒன்றுகள்.

மூன்று மூன்றாக வெட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். கூட்டிக் கழித்தால் 1001-க்கான சோதனை, அதாவது 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒன்று:

321 − 654 + 887 − 567 + 234 − 1 = 220

220-ஐ 11 வகுக்கும், 7-ம் 13-ம் வகுக்காது. சரி, அவை இல்லை. குறி மாற்றாமல் வெறுமனே கூட்டினால் 999-க்கான சோதனை: 1 + 234 + 567 + 887 + 654 + 321 = 2664. 999-க்குள் 37 இருக்கிறது. 2664 = 37 × 72. ஆக 37-ம் உண்டு. (ஓரத்தில் எழுதிய 72 எட்டிப் பார்த்துவிட்டது.)

படி 5: வகுத்துவிடுவோம்

1234567887654321 ÷ 11111111 = 111111111. மீதி இல்லை. எட்டு ஒன்றுகளை ஒன்பது ஒன்றுகளால் பெருக்கியதுதான் இந்தப் பிரம்மாண்டமான எண்!

ஏன் என்று பார்க்க என் 100 ரூபாய் நோட்டே போதும். 111 × 1111 என்ற கணக்கைப் பள்ளி முறையில் போட்டால் 1111, 11110, 111100 என்று மூன்று வரிசை, ஒவ்வொன்றும் ஒரு படி இடப்பக்கம் நகர்ந்து. ஓரத்து நெடுவரிசையில் ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு, நடுவில் மூன்று மூன்று, பிறகு இறங்குமுகம். கூட்டினால் 123321. நோட்டின் எண் தம்பி, பலகையில் இருந்தது அண்ணன். எந்த நெடுவரிசையிலும் 8-க்கு மேல் ஒன்றுகள் சேராததால் கைமாற்று (பத்தைத் தாண்டும்போது அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது) விழவில்லை, கண்ணாடியும் கீறல் விழாமல் தப்பியது.

படி 6: ஒன்பது ஒன்றுகளின் உள்ளே

111111111 = 9 × 12345679. (8 இல்லாத அந்த எண் பலருக்குப் பழக்கம்.) பிறகு 12345679 = 37 × 333667. இதில் 333667 பகா எண்ணா? இங்கேதான் ஆட்கள் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காருவார்கள். 333667-இன் வர்க்கமூலம் 577-க்குச் சற்று மேலே. 577 வரை 106 பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கலாம், ஆனால் தேவையில்லை.

333667 × 3 = 1001001. 333667-ஐ வகுக்கும் ஒரு பகா எண் இருந்தால் அது 1001001-ஐ வகுக்கும், அதனால் ஒன்பது 9-கள் கொண்ட 999999999-ஐயும் வகுக்கும். அப்படிப்பட்ட எண்ணால் 1-ஐ வகுத்தால் தசம இலக்கங்கள் ஒன்பதுக்கு ஒருமுறை திரும்ப வரும். மூன்றுக்கு ஒருமுறையே திரும்பிவிடுமோ? அப்படியானால் 1000-ஐ அதனால் வகுத்த மீதி 1, 1001001-இன் மீதி 1 + 1 + 1, அதாவது 3. அது பூச்சியமாக வேண்டும் என்றால் அந்தப் பகா எண் 3-ஆகத்தான் இருக்க முடியும். ஆனால் 333667-இன் இலக்கக் கூட்டு 28, 3 வகுக்காது. ஆக, சுழற்சி நீளம் கட்டாயம் 9. பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதை இந்தச் சுழற்சி நீளம் வகுத்தே தீரும், இது ஃபெர்மா கண்ட உண்மை. எனவே நாம் தேடும் எண் 9-இன் மடங்கைவிட ஒன்று அதிகம். ஒற்றைப்படையாகவும் இருக்க வேண்டும், ஆக 18-இன் மடங்கைவிட ஒன்று அதிகம்.

577 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் இவைதான்: 19, 37, 73, 109, 127, 163, 181, 199, 271, 307, 379, 397, 433, 487, 523, 541, 577. வெறும் பதினேழு. 37-ஆல் வகுத்தால் மீதி 1, 163-ஆல் வகுத்தால் மீதி 6, இப்படி எதுவும் சரியாக வகுக்காது. 333667 பகா எண்தான். 106 வகுத்தலை 17 ஆக்கிய அந்த அரைமணி நேரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துத்தான் முடித்தோம்.

படி 7: கணக்கை முடித்து வைப்பது

1234567887654321 = 3 × 3 × 11 × 37 × 73 × 101 × 137 × 333667

இது கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக விழும். வகுத்திகள் எத்தனை? 3-ஐ எடுக்காமலும், ஒருமுறை, இருமுறை எடுத்தும் மூன்று வழி. மற்ற ஆறு பகா எண்களுக்கும் எடுப்பது, விடுவது என்று இரண்டிரண்டு வழி. 3 × 64 = 192 வகுத்திகள். பக்கத்து வீட்டுப் பிரபலமான 12345678987654321-ஐ எடுங்கள், அது ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம். ஒரு இலக்கம் நீளம், ஆனால் அதற்கு 45 வகுத்திகள்தான். புகழெல்லாம் அதற்கு, சரக்கு இதற்கு.

நம் எண் முழு வர்க்கம் அல்ல, 11 ஒரே ஒருமுறைதான் வருகிறது. ஆனாலும் இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே நியாயமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது: 123456787654321-ஐயும் (எட்டு ஒன்றுகளின் வர்க்கம்) 12345678987654321-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது இதுவே.

எல்லா வகுத்திகளையும் கூட்டினால் எண்ணைப் போல் சுமார் 1.67 மடங்கு. இரண்டு மடங்கை எட்டவில்லை, ஆக இது குறைவெண்.

அப்புறம் அந்த 72. 1-ஐ நம் எண்ணால் வகுத்தால் தசமம் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பும்? 9-க்குச் சுழற்சி 1, 11-க்கு 2, 37-க்கு 3, 101-க்கு 4, 73-க்கும் 137-க்கும் 8, 333667-க்கு 9. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 72. இலக்கங்களின் கூட்டும் 72. இது தற்செயல் இல்லை. எட்டு ஒன்றுகளும் ஒன்பது ஒன்றுகளும் கைமாற்று இல்லாமல் பெருக்கப்பட்டதால் இலக்கக் கூட்டு 8 × 9. எட்டுக்கும் ஒன்பதுக்கும் பொதுக் காரணி இல்லாததால் சுழற்சியும் 8 × 9.

படி 8: கணினியில் போடும்போது

வீட்டுக்கு வந்து சரிபார்க்கலாம் என்று ஓர் அட்டவணை மென்பொருளில் இந்த எண்ணைத் தட்டினேன். 11-ஆல் வகுத்தால் மீதி வருகிறது! பாதி ராத்திரி வரை என் கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அது 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு 16-ஆவதைப் பூச்சியமாக்கியிருந்தது: 1234567887654320. முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் அப்படியே வைத்துக்கொள்ளும் பைத்தான் போன்ற மொழியில் போடுங்கள், வம்பு இல்லை. பொதுவாகக் கணினிகள் எண்களை வைக்கும் 64 பிட் மிதவைப்புள்ளி முறையில் 9007199254740992 வரை எந்த முழு எண்ணும் பிசகாது. நம் எண் அதற்குள் அடங்கும். 17 இலக்க அண்டை வீட்டுக்காரர் அடங்க மாட்டார், அவருடைய கடைசி 1 பூச்சியமாகிவிடும்.

இரும முறையில் எழுதினாலும் மாலைமாற்றாக இருக்குமா என்று கேட்பீர்கள். 51 இலக்கம் வரும். தொடக்கம் 10001100, முடிவு 10110001. பின்னாலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்: ஏழு இலக்கம் வரை அச்சு அசலாகப் பொருந்தி வந்து எட்டாவதில் காலை வாரிவிடுகிறது.

படி 9: உங்கள் சொந்த எண்ணை எடுத்துப் பாருங்கள்

எட்டு இலக்கத் தேதி ஒன்றை எழுதி, திருப்பி ஒட்டினால் 16 இலக்க மாலைமாற்று தயார். இதற்கு மூன்றிலக்க வெட்டுகளைக் கொஞ்சம் சுருக்கிவிடலாம். முன்பாதியின் எட்டு இலக்கங்களை இடமிருந்து 1 முதல் 8 வரை இடம் போட்டுக்கொள்ளுங்கள்.

2, 3, 8-ஆம் இடங்களின் கூட்டும் 5, 6-ஆம் இடங்களின் கூட்டும் சமமானால் அந்த மாலைமாற்று 1001-ஆல் வகுபடும். சமமில்லை என்றால் வித்தியாசத்தை 110-ஆல் பெருக்குங்கள், மூன்றிலக்கச் சோதனையில் வரும் விடை அதுதான். நம் எண்ணில் 2 + 3 + 8 = 13, 5 + 6 = 11, வித்தியாசம் 2. படி 4-இல் 220 வந்தது இதனால்தான்.

1, 4, 7-ஆம் இடங்களின் கூட்டை இரட்டித்தால் மற்ற ஐந்தின் கூட்டு வருமானால் 37-ம் 3-ம் வகுக்கும். நம் எண்ணில் 1 + 4 + 7 = 12, இரட்டித்தால் 24. மற்றவை 2 + 3 + 5 + 6 + 8 = 24. சரியாக வருகிறது.

பிள்ளைகள் பிறந்த தேதிகளைப் போட்டார்கள். பலருக்கு 11-ம் ஒரு 3-ம் கிடைத்தது, அவ்வளவுதான். நான் மொரீஷியஸ் சுதந்திரம் பெற்ற நாளைப் போட்டேன்: 12 மார்ச் 1968, அதாவது 12031968. ஒட்டினால் 1203196886913021.

முதல் சோதனை: 2 + 0 + 8 = 10, 1 + 9 = 10. சமம். 7, 11, 13 மூன்றும் உண்டு. இரண்டாவது: 1 + 3 + 6 = 10, இரட்டித்தால் 20. மற்றவை 2 + 0 + 1 + 9 + 8 = 20. அதுவும் சமம். ஆக 3-ம் 37-ம் உண்டு. 3 × 7 × 11 × 13 × 37 எவ்வளவு? 111111. நம் சுதந்திர நாள் மாலைமாற்று ஆறு ஒன்றுகளால் மீதியின்றி வகுபடுகிறது. கட்டிய எண்ணில் ஒன்றுகள் இருந்தது நியாயம், நாமே வைத்தவை. இங்கே யாரும் வைக்கவில்லை, காலண்டர் அப்படி விழுந்திருக்கிறது.

1203196886913021 = 111111 × 10828782811

அந்த ஈவைப் பாருங்கள். இரண்டாம் இடத்துப் பூச்சியமும் அதன் பிம்பமாக நிற்கும் ஒன்றும் மட்டும் ஒத்துப்போகவில்லை, இல்லையென்றால் அதுவும் மாலைமாற்று. அதையும் மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 811 − 782 + 828 − 10 = 847, அதாவது 7 × 11 × 11. எனவே இன்னொரு 7-ம் இன்னொரு 11-ம் உள்ளே இருக்கின்றன. 77-ஆல் வகுத்தால் 140633543. நாலு வகையாகவும் வெட்டிப் பார்த்தாயிற்று, 11, 101, 73, 137, 7, 13, 37 எதுவும் இதை வகுக்காது. 17-இலிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். வர்க்கமூலம் 11859-க்கு அருகில், அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். வகுப்பில் இரண்டு பேர் 47 வரை வந்திருக்கிறார்கள். 47-ஆல் வகுத்தால் மீதி 2.